கத்தாத மானிட்டர்

சத்தம் எனக்கு ஆகாது. வீட்டில் மிக்சி ஓடினால்கூட வாசலுக்குப் போய்விடுவேன். ஆனால் நான் செய்ததற்கு அது காரணமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. காரணம் வியாபாரம்தான்.

சேலம், நாமக்கல் பக்கம் சின்ன மருத்துவமனைகளுக்கு, நோயாளியின் நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் மானிட்டர் விற்கிறேன். பெரிய கம்பெனிகள் திரையின் அகலத்தைச் சொல்லி விற்றன. நான் எங்கள் மக்களைக் கவனித்தேன். திரையில் ஓடும் எண்ணை அவர்கள் பார்ப்பதில்லை. மிஷின் ஒரு தரம் கத்தினால் போதும், "இங்க வேண்டாமுங்க, கோயமுத்தூருக்கே கொண்டுபோறோம்" என்று ஆளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மருத்துவமனை முதலாளிகளுக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல்.

ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் மிஷின் கத்த வேண்டும். நான் அதை எழுபதாக்கினேன். நர்சுகள் மாற்றிவிடாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். 'பதற்றமில்லாத மானிட்டர்' என்று பெயர் வைத்தேன். இரண்டே வருடத்தில் நாற்பது மருத்துவமனைகள். கெட்டிக்காரத்தனம்தான், இப்போதும் மறுக்கமாட்டேன்.

ஆத்தூரில் ஒரு பெண் இறந்தபோது, மிஷின் ஏன் கத்தவில்லை என்று டாக்டர் கேட்டார். விரலில் மாட்டிய கிளிப் நழுவியிருக்கும் என்றேன். அன்றே எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். ஆனால் நாற்பது இடத்திலும் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்களே. வசமாக மாட்டிக்கொண்டேன். பயமாக இருந்தது.

போன ஆவணியில் அப்பாவுக்கு நிமோனியா. கோயமுத்தூர் போகலாம் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. "எம்பையன் மிஷினே இருக்கறப்ப கோயமுத்தூரு எதுக்குங்க?" என்று திருச்செங்கோட்டு டாக்டரிடம் பெருமையாகச் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் எண் எண்பத்திரண்டு. நர்ஸ் மைதிலி எட்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் மிஷினைப் பார்ப்பாள். பார்த்தால் ஏன் கத்தவில்லை என்று கேட்பாள். வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.

"மூச்சு உட முடியலே சாமி."

"மிஷின் கத்தலீங்கப்பா. ஒண்ணுமில்லீங்க."

அவர் என்னை நம்பித் தலையாட்டினார். எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கையைப் பிடித்திருந்தேன். எழுபதுக்குக் கீழே போனதும் கத்தியது. மைதிலி ஓடிவந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

கருமாதி முடிந்த வாரம் இன்னும் ஆறு மானிட்டர் அனுப்பினேன், எழுபதிலேயே வைத்து. அதை மாற்றினால், அப்பாவைக் கொன்றது நான் என்று ஆகிவிடும் அல்லவா?