நூறு புள்ளைக்கு நூத்திப்பத்து ஊசி

டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சே, மருந்துப் பெட்டியவா மூடுறீங்க நர்ஸம்மா? செருப்பக் கழட்டுறதுக்குள்ள எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. செத்த நேரம் தொறந்து வைங்க... இல்ல இல்ல, தொறந்து வச்சா ஐஸ் உருகிரும். மூடியே வைங்க. ஆனா கெளம்பிராதீங்க. பேத்தி வருது, தட்டம்மை ஊசிக்கு. பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்கு.

தெரியும், தெரியும். கரைச்ச மருந்து நாலு மணி நேரந்தான், அப்புறம் கீழ போட்டுரணும். இன்னும் நேரம் இருக்குல்ல? அதுல பாதி போதும். அடுத்த புதன்கிழமையும் இதே அங்கன்வாடில ஊசி போடுவீங்கதான், ஆனா அன்னைக்கு இந்தப் புள்ளையால வர முடியாது. காரணம் இருக்கு, சொல்றேன்.

நானா? பெலிக்ஸ். சர்ச்சுக்குப் பின்னாடி தெரு. ராத்திரி வேலை. செக்யூரிட்டி இல்லீங்க, மூஞ்சியப் பாத்ததும் எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறேன். ஆப்பிரிக்காவுல எம்புட்டுப் புள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டுருக்குன்னு கணக்கெடுக்குற வேலை. சிரிங்க, சிரிங்க. என் வீட்டுக்காரியும் இப்படித்தான் சிரிச்சா. டயர் கடைக்கு மேல மாடில உக்காந்துக்கிட்டு சாட் நாட்டுக் கொழந்தைக்கு ஊசி எண்ணுறீகளாக்கும், நம்ம வீட்டு சிலிண்டர் எப்பத் தீரும்னு எண்ணத் தெரியுமான்னு கேட்டா. நியாயமான கேள்விதான்.

அங்க சர்வேக்காரங்க வீடு வீடாப் போயி ஊசி அட்டைய போட்டோ எடுத்து அனுப்புவாங்க. நாங்க அதப் பாத்துத் தேதியத் தட்டணும். ஒரு அட்டைல பாதித் தேதிய ஆடு தின்னுருக்கும். இன்னொன்னுல பொறக்குறதுக்கு முந்தின மாசமே ஊசி போட்டதா இருக்கும். வயித்துக்குள்ள போயிப் போட்டாங்களோ என்னமோ. படிப்பா? பத்தாவதுல கணக்கு என்னய விட்டுருச்சு. பிரெஞ்சு எழுத்தெல்லாம் பாத்துப் பாத்துப் பழகுனதுதான். தட்டம்மைக்கு அவுக பேரு ரூஜோல். செண்டு பாட்டில் பேரு மாதிரி இல்ல?

அதான, கவர்மெண்டுகிட்டயே கணக்கு இருக்கும்ல, மறுபடி எதுக்குன்னு நானும் கேட்டேன். ஒரு ஜில்லாவுல நூறு புள்ளைக்கு நூத்திப்பத்து ஊசின்னு எழுதி அனுப்பிருக்காங்க. மிச்சப் பத்து யாரு? ஊசி மேல ஆசப்பட்டு ரெண்டாந்தடவ வரிசைல நின்னதா? பாதி மருந்தக் கீழ கொட்டுன பாட்டிலையும் முழுசாப் போட்டதா எண்ணி மேல அனுப்புனா அப்படித்தான் வரும். மொத்தம் எத்தன புள்ளைன்னே யாருக்கும் சரியாத் தெரியாது. அதான் வீடு வீடாப் போறது. உங்களச் சொல்லல நர்ஸம்மா, அந்தப் பேனாவ உள்ள வைங்க.

ஆயாம்மா, அந்த முட்டைச் சட்டிய இப்படித் தள்ளுங்க. சும்மா உக்காந்து வாயடிக்கிறதுக்கு உரிச்சாவது தாரேன்.

அட்டை இல்லாத வீட்ல தாயிகிட்டக் கேப்பாங்க. போட்டாச்சுன்னா போட்டாச்சு, இல்லன்னா இல்ல. அங்கதான் வெனையே. எங்க சூப்பர்வைசரு சொல்லுவாரு, சில தாய்மாரு புள்ள தோள்ல இருக்குற தழும்பக் காட்டி எல்லாம் போட்டாச்சும்பாங்களாம். அது பொறந்தப்பப் போட்ட காசநோய் ஊசித் தழும்பு. தட்டம்மைக்கு ஏது தழும்பு? கேட்டுட்டு அம்புட்டுச் சிரிச்சேன். போன மாசம் என் மக பிரிஸ்கில்லாவுக்கு வீடியோல போன் போட்டேன். பாலசமுத்திரத்துல கட்டிக் குடுத்துருக்கு. புள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட்டாச்சா ஆத்தான்னேன். போட்டாச்சுப்பான்னு கீழ குனிஞ்சுக்கிட்டே சொல்லுது. பக்கத்துல சம்பந்தியம்மா, செபாஸ்தியம்மாள், புள்ள சட்டைய வெலக்கித் தோளக் காட்டுது. ஏனுங்க, தழும்பு இருக்குதுங்கல்ல, கண்ணுத் தெரியலீங்களான்னு! ஆப்பிரிக்கா என் வீட்டுக்கே வந்துருச்சு நர்ஸம்மா.

நல்ல மனுசிதான். அம்மை ஒருக்கா வந்து போனாத்தான் உடம்பு தெளியும்னு ஒரு நெனப்பு. அம்மா சொன்னா அமலன் மாப்ளைக்கு மறுபேச்சு கிடையாது. பத்தாததுக்கு அவரு போன்ல தெனமும் ஒருத்தன் கழுத்துல டெதஸ்கோப்ப மாட்டிக்கிட்டு வந்து ஊசி வேணாம்பான். அன்னைக்கு ராத்திரியே பிரிஸ்கி பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு எனக்குப் போன் பண்ணுச்சு. அப்பா, போடலப்பா, ஏதாவது பண்ணுங்கப்பான்னு.

அங்கனயே போட்டா சாயங்காலத்துக்குள்ள சம்பந்தி காதுக்குப் போயிரும். அதான் இங்க. மாப்ள இன்னைக்கு ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திக்கிட்டு கேரளா போயிருக்காரு, நாளைக்குத் திரும்பிருவாரு. இன்னைய விட்டா எப்பன்னு தெரியாது. சம்பந்தியம்மாகிட்டயா? அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லிட்டு வருது. தெருவுல யாரும் பாத்தா நெஞ்சப் பிடிச்சுக்கங்கன்னு வீட்டுக்காரி சொல்லி விட்டுருக்கா. முட்டைய உரிப்பனா, நெஞ்சப் பிடிப்பனா?

தாயி சம்மதிச்சாப் போதும்ல? அப்பாடி. காய்ச்சல் வந்தா பல்லு மொளைக்குதுன்னு சொல்லிக்கிரும்.

என்னது? ஒரே மகளான்னா... ஆமா, ஒன்னுதான்.

அது வந்து, சர்வேல உசுரோட இருக்குற புள்ளைகளுக்குத்தான் ஊசிக் கேள்வி. இல்லாத புள்ளைக்கு ஊசி போட்டியான்னு யாரு கேப்பா? அப்படிப் பாத்தா எனக்கு ஒன்னுதான். பிரிஸ்கிக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், ஒன்றரை வயசு வரைக்கும். நான் அப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடந்தேன். வீட்ல வேப்பெல சொருகியாச்சு. வேதக்கார வீடுதான், சிலுவைக்குப் பக்கத்துலயே சொருகிருக்காங்க. அம்மை போட்ட வீட்டுக்குள்ள வேத்தாளு வரக் கூடாதுன்னு, தேடி வந்த நர்ஸம்மாவ எங்கப்பா வாசலோட அனுப்பிட்டாரு. நான் பஸ் ஏறி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அடக்கத்துக்குத்தான் வந்தேன். அட விடுங்க, நீங்க வேற கண்ணக் கசக்கிக்கிட்டு.

அந்தா ஆட்டோ. ஏத்தா பிரிஸ்கி, ஓடியா, படி பாத்து! வாடி என் ராசாத்தி. இதுதாங்க நர்ஸம்மா. பெட்டியத் தொறங்க. வலது கையில தானே? சட்டைய நல்லா ஏத்திப் பிடி ஆத்தா.

நானா? நான் பிடிக்கலம்மா. ராத்திரி பூராம் ஊசி எண்ணுறவன்தான், ஒன்னக்கூடப் போடுறப்பப் பாத்ததில்ல. நீயே மடில வச்சுக்க. நான் இங்கிட்டுத் திரும்பிக்கிறேன்.

கத்துதா? கத்தட்டும், நல்லாக் கத்தட்டும். ஆயாம்மா, அந்தச் சட்டிய எடுங்க, மிச்சத்தையும் உரிச்சிர்றேன்.