சத்தம் போடுகிற ஃபேன்

"எனக்கு அந்தச் சத்தம் போடற ஃபேனையே திரும்ப மாட்டிக் குடுண்ணே."

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். கேட்டவர் உப்பளக்காரர். கேட்கப்பட்டவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்.

"ஏம்பா, சீரியல் ரெக்கார்டு பண்ற கம்ப்யூட்டர் மாவு மிஷினு மாதிரி கத்துதுன்னு நீதானே சொன்ன? உப்புக்காத்துல துருப்புடிச்சத கழட்டிட்டு, மெதுவா சுத்தற பெரிய ஃபேன் போட்டேன். இன்னும் சூடாவுதா?"

"ஜில்லுனு இருக்குது. சத்தமே இல்ல. அதாண்ணே வம்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு கம்ப்யூட்டர் லைட்டு மட்டும் தானா எரியுது. பாப்பா உடனே, 'அம்மா சீரியல் பாக்க வந்துட்டாங்க'ன்னு பாய் விரிக்குது. சத்தம் இருந்தா, மிஷினுதான் ஓடுதுன்னு பாப்பாகிட்ட சொல்லிடுவேன்."

"சுனாமி அலையில போறதுக்கு முன்னாடி உன் பொண்டாட்டி ரெக்கார்டுக்கு வெச்ச டைமர்பா அது. அவ சீரியல இன்னும் ரெக்கார்டு பண்ணுது. அத எடுத்துடு, தீந்துச்சு."

"போன வாரமே எடுத்துட்டேண்ணே. நேத்தும் எரிஞ்சுது."

பிரம்மதேசம் தாண்டி உப்பளம் தெரிந்ததும் ரிப்பேர்காரர் வாட்ச்சைப் பார்த்தார். இறங்கும்போது சொன்னார்:

"பழைய ஃபேன் கடையிலதான் கெடக்குது. இப்பவே வந்து மாட்டிடறேன், ஏழு மணிக்குள்ள."