ஆறு விசிட்டிங் கார்டு உயரம்

நல்ல லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் விமர்சனங்களைப் படிக்காதவர்கள், சார்.

எங்கள் அலுவலகத்துக்கு நாற்பது தேவைப்பட்டன. வாங்கும் பொறுப்பு என்னுடையது. முன்பு நான் வாங்கிய பிரிண்டர்கள் காகிதத்தைக் கசக்கித் துப்பியதால் எனக்குக் 'கசக்கி' என்று பெயர். "கசக்கி சார், இந்தத் தடவ வாங்குறத மூடினா திரும்பத் திறக்குமா?" என்று கேண்டீனில் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒரு மாடல் பிடித்திருந்தது. பாதிப் பேர் 'கல்லு மாதிரி உழைக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் 'பேட்டரி உப்புகிறது, கிட்டே போகாதீர்கள்' என்றார்கள். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் இன்னும் ஒரு விமர்சனம் படிக்கத் தோன்றும். சோற்றுத் தட்டின் முன்னும் படித்தேன். ஒன்பதாம் நாள் புரிந்தது, இரு தரப்பும் சொல்வது உண்மைதான். பையில் போட்டுக்கொண்டு அலைபவர்களிடம் உப்பவில்லை. எந்நேரமும் சார்ஜரில் செருகி, மெத்தைமேல் வைப்பவர்களிடம் உப்பியது. அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும், சூடு வெளியேறாது, பேட்டரிக்குள் வாயு சேரும். பேட்டரிக்கு நேர் மேலே டச்பேட். அதனால் அதுதான் முதலில் மேலெழும். எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள்.

ஆனால் ஊகத்தை நம்பி நாற்பது பேர் கையில் கொடுக்க முடியுமா?

என் மைத்துனன் தொடைவரை மாவுக்கட்டோடு எங்கள் வீட்டில் இருந்தான். மொழிபெயர்ப்பாளன், நாள் முழுக்கக் கட்டிலில்தான் வேலை. கடைக்காரர் பார்க்கக் கொடுத்திருந்த அந்த மாடல் லேப்டாப்பை அவனிடம் கொடுத்தேன்.

"என்ன மாமா திடீர் பாசம்? அக்காகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்றான்.

டச்பேட் எழும்பிய உயரத்தை விசிட்டிங் கார்டுகளைப் பக்கத்தில் அடுக்கி அளந்தேன். ஐந்தாம் வாரம் ஒரு கார்டு. ஏழாம் வாரம் மூன்று.

"மாமா, இது அமுங்கவே மாட்டேங்குது. சூடு வேற தாங்கல. மாத்திக் குடுங்களேன்."

"இன்னும் ரெண்டு நாள் பாரு மாப்ள."

ஊன்றுகோல்கள் கைக்கெட்டினால் எழுந்துபோய் அதை மேசையில் வைத்துவிடுவான். அளவெல்லாம் கெட்டுவிடும். அதனால் அவற்றைக் கதவோர மூலையில் சாய்த்து வைத்தேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தானே? நான்தான் வைத்தேன்.

அன்று காலை ஆறு கார்டு. ஆறு என்றால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். மனைவி வேலைக்குப் போனபின் நானும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். புகை அடங்கி உள்ளே போனபோது, அவன் கட்டிலுக்கும் மூலைக்கும் நடுவில் கிடந்தான். உயிர் இல்லை. மூலைக்கு இன்னும் நான்கடி இருந்தது.

அலுவலகத்துக்கு வேறு மாடல் வாங்கினேன். நாற்பதும் குறையில்லாமல் ஓடுகின்றன. இப்போது யாரும் என்னைக் கசக்கி என்பதில்லை.

தீப்பிடித்த அன்று மாலையே என் விமர்சனத்தையும் எழுதிவிட்டேன்: 'விசைப்பலகை நன்று. கட்டிலில் வைத்துப் பயன்படுத்த ஏற்றதல்ல.' நூற்றுப் பன்னிரண்டு பேர் பயனுள்ளது என்று குறித்திருக்கிறார்கள். என் மனைவி மட்டும் இன்னும் படிக்கவில்லை. படித்தால் புரிந்துகொள்வாள்.