வலப்பக்கம் போன ஐந்தாவது அம்பு

என் பெயர் கஸ்தூரிரங்கன். தகப்பனார் பெயர் வரதாச்சாரி. வயது 46. சென்னை-4, மயிலாப்பூர், கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் கதவு எண் 11-இல் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். அடையாறில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கருவி மெக்கானிக்காக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் போலீசார் என்னைச் சாட்சியாக மட்டுமே விசாரித்தார்கள். இன்று 14-8-1997 வியாழக்கிழமை நானாகவே மனு கொடுத்து நீதித்துறை நடுவர் அவர்கள் முன் ஆஜராகியிருக்கிறேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம், சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை என்று நடுவர் அவர்கள் இரண்டு முறை எச்சரித்து, யோசிக்க நேரமும் கொடுத்தார்கள். யோசித்தாகிவிட்டது என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் பின்பக்கம் எங்கள் வில்வித்தை சங்கம் கூடும். மொத்தம் ஒன்பது பேர். குறிபார்க்கும் கருவி எதுவும் பொருத்தாத மர வில்லைக் கொண்டு பழைய முறையில் எய்வது எங்கள் வழக்கம். அம்புகளைத் தேர்ந்தெடுப்பதும், எய்யத் தொடங்கவும் நிறுத்தவும் விசில் ஊதுவதும் என் பொறுப்பு. வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவளாகக் காட்டப்பட்டிருக்கும் ஹம்சினி, வயது 22, ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். அவளுடைய வில்லைச் செய்துகொடுத்தவர் சங்கத்து உறுப்பினரான தச்சர் ஷரீஃப்.

கடந்த ஏப்ரல் மாதம், மாநிலத் தேர்வுப் போட்டிக்காக ஹம்சினிக்கு மூங்கில் அம்புகளை விட்டு அலுமினிய அம்புகள் செய்துகொடுக்க முடிவு செய்தேன். மூங்கில் ஒன்று போல் ஒன்று இருக்காது, அலுமினியம் பன்னிரண்டும் ஒரே அச்சாக இருக்கும். அலுமினியத் தண்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் தண்டின் பருமன், அடுத்த இரண்டும் குழாய்ச் சுவரின் கனம். வில்லை இழுக்க எவ்வளவு பலம் வேண்டுமோ அதற்கேற்ற விறைப்புள்ள தண்டாகப் பார்த்து எடுக்கவேண்டும். டெல்லி வியாபாரி அனுப்பிய அட்டவணையைப் பார்த்து 1916 என்ற தடித்த தண்டை வரவழைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு தண்டையும் ஆய்வுக்கூடத்தில் இரு முனையிலும் தாங்கல் கொடுத்து, நடுவில் எடைக்கல் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது என்று அளந்து நோட்டில் எழுதினேன். சென்னையில் வேறு எவனும் இப்படி அளந்திருக்கமாட்டான் என்று எனக்கு ரொம்பப் பெருமை.

ஷரீஃப் ஒரு தண்டை முழங்காலில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இவ்ளோ வெறப்பா கீது? நம்ம மர வில்லுல அம்பு கட்டைய சுத்தி வளைஞ்சிக்கினு போவணும். இது வளையாது சார், லெஃப்ட்ல எகிறிடும்" என்றார். "எடைக்கல்லைவிட உங்க முழங்காலுக்கு ஜாஸ்தி தெரியுமோ?" என்று நான் எல்லோர் முன்பும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தண்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நாற்பது மீட்டரில் ஹம்சினி எய்த அம்புகள் அத்தனையும் நடுவிலிருந்து மூன்றடி இடதுபக்கம் தள்ளியே போயின. அப்போதே ஷரீஃப் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். குற்றம் அவள் விரலில்தான் என்று சொல்லி, இலக்குக்குப் பின்னால் உள்ள மதிலில் மூன்றடி வலதுபக்கம் தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, இனிமேல் அதைக் குறிபார்த்து எய் என்றேன். அம்புகள் நடுவில் போய்க் குத்தின. ஜூலை முடிவதற்குள் அவள் அதில் நன்றாகவே தேறிவிட்டாள். இதனால் சங்கத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. ஹம்சினி எய்யும்போது இலக்குக்கு இடதுபக்கம்தான் ஆபத்து, வலதுபக்கம் அம்பு வரவே வராது என்று நினைத்தார்கள். எய்யும் நேரத்தில் யாரும் இலக்கின் அருகே நிற்கக்கூடாது என்ற விதியை நானும் தளர விட்டுவிட்டேன்.

காயம்பட்ட ஜாக்சன், வயது 53, சாந்தோமைச் சேர்ந்தவர், சங்கத்தில் புள்ளி குறிப்பவர். 3-8-1997 அன்று ஹம்சினியின் ஓர் அம்பு கோட்டைத் தொட்டதா இல்லையா என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. ஜாக்சன் குறைந்த புள்ளிதான் போட்டார். ஹம்சினி, "அடுத்த வாரம் உங்க மூஞ்சிக்கு நேராவே குத்திக் காட்டறேன் சார், அப்பவாவது கண்ணு தெரியறதான்னு பாக்கலாம்" என்றாள். மாதா கோவில் பூசைக்கு அவரை அழைத்துப்போக வந்திருந்த அவர் மனைவி ஐரின் இதைக் கேட்டார். ஐரின் அம்மாள் புகாரில் சொல்லியிருக்கும் வார்த்தைகள் பொய்யல்ல.

அந்த வாரத்தில் ஒரு நாள் அட்டவணையை மறுபடி பார்த்தபோது அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. அம்பு நேராகப் போவதற்கு நடுவில் வெட்டு விட்ட நவீன வில்லுக்குத்தான் இந்தக் கணக்கு, வெட்டில்லாத மர வில்லுக்கு இதைவிட மெலிந்து வளையும் தண்டே வேண்டும் என்று அதில் இருந்தது. நாலு மாதமாக அந்த அட்டவணை என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது. வியாபாரி மாதிரிக்கு அனுப்பிய 1716 என்ற மெல்லிய தண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கும் மற்ற அம்புகளில் இருந்த அதே மஞ்சள் இறகை ஒட்டி, அச்சிட்ட இலக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். ஹம்சினிக்குத் தெரியாமல் அவளை அதை எய்யவைத்து, அது சுண்ணாம்புப் பொட்டிலேயே போய்ப் பட்டால் பிசகு தண்டில்தான் என்று எனக்கு மட்டும் தெரிந்துவிடும், பிறகு புதுச் சரக்கு வந்தது என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

10-8-1997 ஞாயிறு காலை சுமார் ஏழே கால் மணிக்கு, ஹம்சினி தண்ணீர் குடிக்கப் போனபோது, அவள் அம்புப் பையில் இருந்த ஆறில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த அம்பை வைத்தேன். அந்த நேரத்தில் வலதுபக்கம் வெறும் மதில்தான் இருந்தது. அதன் பிறகு ஜாக்சன், போன வாரத் தகராறு மறுபடி வேண்டாம், பக்கத்தில் நின்றே பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, இலக்கின் வலது ஓரத்தை ஒட்டிப் போய் நின்றார். அவர் தோள் சுண்ணாம்புப் பொட்டை மறைத்தது.

ஹம்சினி வில்லைத் தாழ்த்தி, "சார், நகர்ந்துக்கோங்கோ, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். ஜாக்சன் சிரித்துக்கொண்டே, "உன் அம்பு என்னிக்கும்மா இந்தப் பக்கம் வந்துச்சு? பொட்டு தெரியலன்னா என் தோளப் பாத்து அடி" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்த அம்பை அவள் எடுக்கும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

முதல் நாலு அம்புகளும் நடுவில் குத்தின. ஐந்தாவதாக அவள் எடுத்த அம்பில், இலக்கத்தைத் தேய்த்து அழித்த இடம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. விசில் என் வாயில் இருந்தது. நாணை இழுத்தபின் அவள் மூன்று எண்ணும் நேரம் நிறுத்திவைப்பாள். ஊதினால் ஏன் ஊதினாய் என்று கேட்பார்கள். எனக்கு நாலடி தள்ளி ஷரீஃப் நின்றிருந்தார். நான் ஊதவில்லை. அம்பு ஜாக்சனின் வலது தோளுக்குக் கீழே மார்பில் பாய்ந்தது. அவர் கையிலிருந்த பென்சிலை விடாமலே உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஷரீஃபும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இன்று காலை வரை அவருக்கு நினைவு திரும்பவில்லை என்று தெரிகிறது. அன்று பிற்பகல் காவல் நிலையத்தில் ஹம்சினி என்னிடம், "எல்லா அம்பும் இடது பக்கம்தானே போகும்? இது மட்டும் ஏன் மாமா நேரே போச்சு? அவர் மேல கோவமா இருந்தேனே, என் கைதான் பண்ணிடுத்தோ?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று மட்டும் சொன்னேன். அம்பை மாற்றிவைத்ததைச் சொல்லவில்லை. நேற்று அவள் தகப்பனார் என் வீட்டுக்கு வந்து, ஹம்சினி கோபத்தில் தானே வேண்டுமென்று எய்ததாகப் போலீசாரிடம் சொல்லிவிட்டாள் என்று அழுதார்.

அவள் வேண்டுமென்று எய்யவில்லை. நான் கற்றுக்கொடுத்த இடத்தைத்தான் குறிபார்த்தாள். அவள் கை பிசகவும் இல்லை. கைப்பற்றப்பட்ட அம்புகளை ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்தால், ஜாக்சனைத் தைத்தது மட்டும் மெலிந்திருப்பது தெரியும். எனக்கு என்ன தண்டனை ஆனாலும் ஆகட்டும், இதை அவளுக்கு இன்றே படித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தன் கையைப் பற்றி அவள் இன்னும் ஒரு நாள்கூட அப்படி நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் சொன்னதை எழுதியபின் எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். விசில் பற்றிய இடத்தில் "ஊதத் தவறிவிட்டேன்" என்று எழுதியிருந்தது. நான் தவறவில்லை, தெரிந்தேதான் ஊதாமல் இருந்தேன் என்று சொல்லி, அதை அடித்து "ஊதவில்லை" என்று திருத்தச் செய்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வ. கஸ்தூரிரங்கன்