வாய்திறந்தான் விளை

தாது வருஷத்து மாசி மாசம். எண்பது வீட்டு ஊரில் அடுப்புப் புகை எழும்பியது நாற்பத்தொரு வீட்டில். ஊர்ப் பொதுக் குலுக்கையைக் காத்து நின்றவள் பேர் அணஞ்சி. கரிசல் காட்டில் நெடுங்கரை என்று ஒரு ஊர், அங்கே நடந்த கதை. கண்ணால் பார்த்தவர் இன்று யாரும் இல்லை. கேட்டவர் சொல்ல, சொன்னதைக் கேட்டவர் சொல்ல, இப்படியே வந்து சேர்ந்தது.

குலுக்கை என்றால் மண்ணில் செய்த தானியக் குதிர். நல்ல காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கம்பு குத்தும் முன்னே ஒரு பிடி எடுத்துப் பொதுவில் போடுவார்களாம். பஞ்சத்தில் அந்தப் பிடிக் கம்புதான் பிள்ளை பெற்றவளுக்கும், நடமாட முடியாத கிழடுகளுக்கும் கஞ்சி. குலுக்கையின் அடி தெரிந்துவிட்டால் மறு வெள்ளாமை வரைக்கும் அந்த உயிர்கள் தங்காது. அணஞ்சிக்கு அது தெரியும்.

அதனால் யாரையும் நம்ப மாட்டாளாம். பால் வெள்ளை என்று சொன்னால், கறந்தது யார் என்று கேட்பாளாம். பஞ்சம் வந்தால் பசித்தவனும் வருவான், பசித்தவன் வேஷத்தில் மற்றவனும் வருவான். கண் தெரியாத ஒருவன் வந்தானாம். கஞ்சிக் கலயத்தை வலப்பக்கம் வைத்ததாகச் சொல்லிவிட்டு, ஓசையில்லாமல் இடப்பக்கம் வைத்தாளாம். கை நேராக இடப்பக்கம் போனதாம். "கண்ணு வந்திருச்சே ராசா! இனி வேலைக்குப் போகலாமே" என்றாளாம்.

அப்பேர்ப்பட்டவளிடம் ஓர் உச்சிப்பொழுதில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூன்று பேரும் மஞ்சள் துணி. திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு மடிப்பிச்சை எடுத்துப் போகிறவர்களாம். முன்னால் வந்தவன் சேகண்டி தட்டினான். நடுவில் வந்தவன் வாய்ப்பூட்டுக்காரன். கன்னத்துக்குக் கன்னம் வேல் குத்தியிருந்தது. சன்னதி சேரும் வரை பேசமாட்டான், தின்னமாட்டான். கடைசியில் மெலிந்த பெண் ஒருத்தி. பேர் ஆவுடை.

மஞ்சள் துணிக்கு இல்லை என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. சொன்னால் சாமி குத்தம்.

"தாயே, ஊருக்கு ஒரு மூட்டைன்னு வேண்டுதல்" என்றான் சேகண்டிக்காரன். "சாமி கனவுல வந்து சொல்லிருக்கு."

"மடிப்பிச்சைன்னா மூணு பிடிதான? உம்ம சாமிக்கு மட்டும் எப்பம் மூட்டைக் கணக்கு வந்துது?"

நாட்டாமை மூக்கையா குறுக்கே வந்தார். "மதினி, மழைதான் இல்ல. சாமியையும் பகைக்கணுமா? குடுங்க. இல்லைன்னா குலுக்கை வீட்டுச் சாவியைக் குடுங்க, நான் குடுக்கேன்."

அணஞ்சி வாய்ப்பூட்டுக்காரனைச் சுற்றி வந்து பார்த்தாளாம். "இவரு சாப்புட்டு எத்தன நாளாச்சு?"

"ஒம்பது நாள் தாயே."

"ஒம்பது நாள் பட்டினிக் கன்னமா இது? எண்ணெய் தேச்ச கொடம் மாதிரில்லா மினுங்குது!"

ஊர் சிரிக்கவில்லை. பயந்தது. நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சரி, தாரேன்" என்றாளாம். "கம்பு ஊருக்குச் சொந்தம். ஊரும் கூட வரும், சன்னதி வாசல் வரைக்கும்."

"எதுக்குத் தாயே உங்களுக்குச் செரமம்? வெயிலு."

"உங்களுக்கு மட்டும் நெழலா அடிக்கி?"

யார் கூடப் போவது என்று பார்த்தால் ஒருவரும் அசையவில்லை. அணஞ்சி சாவியை மூக்கையா கையில் கொடுத்தாள். தடியை எடுத்தாள். கிளம்பிவிட்டாள்.

நடந்தார்கள், நடந்தார்கள், கரிசல் தீர்ந்து செம்மண் வரும் வரை நடந்தார்கள். மூட்டை சேகண்டிக்காரன் தலையில். எங்கே இறக்கினாலும் அதன் மேல் அணஞ்சி உட்கார்ந்துகொள்வாளாம். "தண்ணி பாத்துட்டு வாரேன்" என்று போன சேகண்டிக்காரன் திரும்பவில்லை. மூட்டை வாய்ப்பூட்டுக்காரன் தலைக்கு ஏறியது.

ஒரு பனங்காடு வந்தது. மேலே பாளை சீவும் சத்தம் கேட்ட இடமாகப் பார்த்து அணஞ்சி நின்றாளாம். வாய்ப்பூட்டுக்காரனுக்கு அந்தச் சத்தம் காதில் ஏறவில்லை. மூட்டையைத் தொப்பென்று போட்டான். வாயைத் திறந்தான்.

"ஏ கெழவி! பாதி ஒனக்கு, பாதி எனக்கு. திரும்பிப் பாக்காமப் போயிரு!"

பேசின வேகத்தில் வேல் இரண்டு துண்டாக விழுந்ததாம். கன்னத்தில் துளை இல்லை. பிசின் தடம்தான் இருந்ததாம்.

"செந்தூரு இன்னும் ஒரு நாள் நடை இருக்கே! அதுக்குள்ள சாமி வாயத் தொறந்துட்டாரா?"

அவன் கல்லை எடுத்தான். "மேல யாருய்யா? எறங்குங்க!" என்று அணஞ்சி சத்தம் போட்டாள். மூன்று பனையேறிகள் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஓடினவன் மஞ்சள் துணி உடைமுள்ளில் மாட்டிக் கிழிந்ததாம். அவன் நிற்கவில்லை.

ஆவுடை அங்கேயே நின்றாள்.

"நீ ஓடலையா?"

"நேத்திக்கடன் இருக்கு ஆத்தா. எம்புள்ளைக்கு அம்மை எறங்குச்சு. பிச்சையெடுத்துக் கோயில் வாசல்ல பசிச்சவுகளுக்குக் கஞ்சி ஊத்துதேன்னு நேந்திருக்கேன். இவுகள வழித்துணைன்னு நெனச்சுட்டேன்."

"அழுகை எல்லாருக்குந்தான் வரும்" என்றாளாம் அணஞ்சி.

ஆவுடை மூட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மடியை இறுக்கிக்கொண்டு தெற்கே நடந்தாள். அதுதான் அணஞ்சியை உறுத்தியது. கள்ளியாக இருந்தால் கேட்டிருப்பாள். கேட்காமல் போகிறவள் யார்?

"நில்லுடீ!"

மூட்டையை அவிழ்த்து மூன்று பிடி அள்ளி அவள் மடியில் போட்டாளாம். போட்ட பிறகுதான் தெரிந்தது, தனக்கு இருக்கிறது ஓர் உடம்புதான் என்று. மூட்டையோடு ஊருக்குத் திரும்பினால் மூன்று பிடி என்ன ஆனதென்று தெரியாது. மூன்று பிடியோடு செந்தூர் போனால் மூட்டை நடுக்காட்டில். ஒருவரையாவது நம்பியாக வேண்டும். அவளுக்கு வராதது அது ஒன்றுதான்.

"மூட்டைய நான் ஒங்க ஊருல கொண்டுபோய்ச் சேக்கேன் ஆத்தா" என்றார் பனையேறிகளில் மூத்தவர், தொம்மை.

"நீரு யாருன்னு நான் கண்டேன்?"

தொம்மை இடுப்புப் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை உருவி அவள் கையில் கொடுத்தாராம். பனை சுரக்கும் காலம் அது. பாளை சீவாமல் விட்டால் மரம் காய்ந்துபோகும், பதநீர் நின்றுபோகும். பனையேறி அரிவாளைக் கொடுப்பதும் சோற்றுக் கையைக் கொடுப்பதும் ஒன்று.

அணஞ்சி அரிவாளோடு ஆவுடை பின்னால் நடந்தாள். செந்தூரில் கோயிலுக்கு வெளியே கல் கூட்டி, மடியில் இருந்ததெல்லாம் உலையில் விழுந்தது. கடைசி அகப்பைக் கஞ்சி ஒரு கிழவன் கையில் விழும் வரை அணஞ்சி கண்ணை எடுக்கவில்லையாம். பிறகு ஆவுடையிடம் கேட்டது ஒன்றுதான். "ஊருக்கு யாரு கூடப் போவ?"

ஆவுடையை அவள் வீட்டில் விட்டுவிட்டு நெடுங்கரைக்குத் திரும்பினாள். மூட்டை குலுக்கைக்குள் இருந்தது. குலுக்கை வீட்டு வாசலில் தொம்மை இருந்தார்.

"அருவாளக் குடுங்க ஆத்தா. மரமெல்லாம் காயுது."

"மூட்டைய எறக்கிட்டுப் போயிருக்கலாம்லா?"

"நாட்டாமை விடலையே!"

மூக்கையா கையைப் பிசைந்தார். "யாரு எவருன்னு தெரியாம எப்படி மதினி விடுறது?"

"சொமந்துட்டு வந்தவர உக்கார வச்சுட்டீக. சொரண்ட வந்தவனுக்குச் சாவி கேட்டீக."

காய்ந்த மரங்களுக்கு ஈடாகத் தொம்மை வீட்டுக்கு அடுத்த வெள்ளாமையில் ஊர் கம்பு அளந்ததாம். அந்த வண்டியிலும் அணஞ்சி ஏறிப் போய் இறக்கிவிட்டு வந்தாள் என்பார்கள்.

அன்று முதல் நெடுங்கரையில் இரந்து வருகிறவர் கையில் தானியம் போடுவதில்லை. உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். வெளியூருக்கு எதைக் கொடுத்தாலும் ஊர் ஆள் கூடப் போய், அது சேர்கிற இடத்தைப் பார்த்துத் திரும்புவார். பனந்தோப்பை அந்தப் பக்கம் விளை என்பார்கள். அந்தப் பனங்காட்டுக்கு வாய்திறந்தான் விளை என்று பேர் நின்றுவிட்டது.

2005 ஜனவரி 3, திங்கட்கிழமை. சுனாமி அடித்த நாகப்பட்டினத்துக்கு நெடுங்கரையிலிருந்து ஒரு லாரி அரிசி போனது. ஊர்க்காரர்கள் ஏழு பேர் அதில் ஏறினார்கள். அரிசி முழுவதும் சோறாகிப் பந்தி முடிந்த பிறகு திரும்பினார்கள்.