ஜெஃப்ரின், பூட்ஸைக் கழற்று

கடலுக்கும் கோவிலுக்கும் நடுவே பந்துக்கென்று ஒரு திடலைக் காத்து வைத்திருக்கும் கடற்கரை மக்களே! தலைமை தாங்கும் விழாக்குழுத் தலைவர் யேசுரத்தினம் அவர்களே, செபமாலையும் கையுமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த ஈரம் காயுமுன் வந்து அமர்ந்த தாய்மார்களே, தென்னைமரத்தில் ஏறி நிற்கும் தம்பிமாரே, அனைவருக்கும் இந்தக் குழித்துறைக் கிருஷ்ணமணியின் கனிந்த வணக்கம்.

திருவிழாக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு நடுவராக வந்தவனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பாராட்டத்தான் வந்தேன். ஆனால் சற்றுமுன் பந்தலுக்குப் பின்னால் நான் கண்ட காட்சி என் பேச்சையே மாற்றிவிட்டது. அங்கே நம் ஜெஃப்ரின் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

கைதட்டுகிறீர்களா? தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள்.

கல்கத்தாவில் பெரிய கிளப்புக்கு ஆடிய பிள்ளை ஏன் ஊரில் இருக்கிறான்? விடுமுறையிலா வந்தான்? விலக்கப்பட்டு வந்தான். ஓர் ஆட்டம் முடிந்ததும் சோதனைக்காரர்கள் அவன் சிறுநீரை வாங்கி இரண்டு குப்பிகளில் அடைத்தார்கள். ஒன்றில் ஊக்கமருந்து. மற்றதையும் திறந்து பார்த்தால் அதிலும் அதே ஊக்கமருந்து. இரண்டு ஆண்டுத் தடை!

எங்கிருந்து வந்தது அந்த மருந்து? பகைவன் கொடுத்தானா? இல்லையம்மா, பாசம் கொடுத்தது. மஸ்கட்டிலிருந்து வந்த அவன் அக்காள் கணவர் சிஜோ, நம் வழக்கப்படி பெட்டி பிரித்தார். ஊருக்கெல்லாம் சோப்பு, சென்ட், கோடாலித் தைலம். பந்தடிக்கும் மச்சினனுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய டப்பா சத்துமாவு. அதற்குள் எவனோ ஒரு பாவி கலந்து வைத்திருந்த மருந்தின் பெயர் மேலே ஒட்டிய தாளில் இல்லை. கிளப்பில் இதைப்பற்றி வகுப்பு எடுத்தார்களாம், ஆங்கிலத்தில். பிள்ளை தலையாட்டிவிட்டு வந்தான். விசாரணையில் அவன் அழுதான். "உன் உடம்புக்குள் போனதற்கு நீதான் பொறுப்பு" என்று முடித்துவிட்டார்கள்.

செய்தி கேட்ட அன்று நான் சோறு உண்ணவில்லை. அதைவிட அதிர்ச்சி நம்மூர் நாக்கு தந்தது. 'கஞ்சா அடிச்சவன்' என்றது ஒரு நாக்கு. 'குடிச்சுட்டு ஆடினான்' என்றது இன்னொன்று. அவன் தாய் வியாகுலம்மாள் கருங்கல் சந்தையில் மீன்கூடையை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "சாரே, எனக்க மவன் கள்ளனா?" என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். "பின்ன ஆட்கள் ஏன் அப்பிடி பாக்கினும்?" என்றார்.

அந்தப் பழியைத் துடைக்கத்தான் இன்று அவனை அணித் தலைவனாக இறக்குகிறீர்கள். வெளியூரில் பேர்வாங்கிய மகன்தான் திருவிழா இறுதியாட்டத்தில் ஊரை நடத்த வேண்டும் என்பது உங்கள் வழக்கம். பங்குத்தந்தை மந்திரித்த ஜெர்சியைக் காலையில் கோவிலில் வைத்தே அவன் தோளில் போட்டீர்கள். மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டத்துக்கு மனசு தெரியுமா?

தடைக்காலத்தில் கால்பந்துச் சங்கம் அங்கீகரித்த ஆட்டம் எதிலும் அவன் ஆடக்கூடாது. ஆடினால் தடை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த ஆண்டு இந்தப் போட்டிக்கு மாவட்டச் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்ததென்று பட்டாசு வெடித்தவர்கள் யார்? நீங்கள்தானே! அவன் தடை முடிய இருப்பது இரண்டே மாதம். இன்று அவன் திடலில் இறங்கினால், இரண்டு மாதம் மறுபடி இரண்டு வருடமாகும். அதற்குப்பின் எந்தக் கிளப் அவனைக் கூப்பிடும்?

யாரப்பா அது, "எழுதாம விட்டிருங்க சாரே" என்பது? ஆட்ட அறிக்கையில் நான் அவன் பேரை எழுதாவிட்டால் மட்டும் மறையுமா? உன் கையில் இருப்பது என்ன, செல்போன்தானே? ஆட்டம் முடியுமுன் மஸ்கட்டில் இருப்பவன் படம் பார்த்துவிடுவான். மேலும், நான் எழுதுவேன். விசில் பிடித்த கை பொய் எழுதாது.

"ஏலே மக்கா, உனக்குத் தெரியாதா?" என்று அவனிடமே கேட்டேன். தலை குனிந்தான். "தெரியும் சாரே. ஊரே கேக்குது. மந்திரிச்ச ஜெர்சிய எப்பிடி வேண்டாம்னு சொல்லுகது?" என்றான்.

கேட்டீர்களா? வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை! அன்று டப்பாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று ஜெர்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாசத்தால் ஒருமுறை அவன் காலை ஒடித்தோம். ஒடிந்த கால் கூடிவரும் நேரத்தில் பாசத்தாலேயே இன்னொரு முறை ஒடிக்கவா? அவனால் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லுங்கள். ஊர் சொல்லட்டும், வேண்டாம் என்று. அதுவரை இந்த விசில் என் வாய்க்கு வராது.

ஏன் எல்லோரும் குனிகிறீர்கள்? தலைவரே, நீங்களுமா தரையைப் பார்க்கிறீர்கள்?

சற்றுப் பொறுங்கள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ எழுந்து வருகிறார். வியாகுலம்மாள்தான். வழி விடுங்கள். பந்தல் ஓரத்தில் நிற்கும் மகன் முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கிக்காரரே, மைக்கை அங்கே நீட்டுங்கள். அவர் சொல்வது எல்லோருக்கும் கேட்கட்டும்.

"காலை நீட்டு மக்கா. கயிறை நான் அவுக்கேன். ரெண்டு மாசம் இது எனக்க மடியில கெடக்கட்டு."

இதற்குமேல் நான் என்ன பேச? இப்போது தட்டுங்கள் கைகளை, கடல் கேட்கும்படி தட்டுங்கள். ஜெஃப்ரின், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார். அந்த ஜெர்சியை இன்று அணியில் மிக இளையவன் போடட்டும். பொறுமையாகக் கேட்ட ஊருக்கு என் நன்றி, அந்தத் தாய்க்கு என் வணக்கம். இரு அணிகளும் திடலுக்கு வாருங்கள், இதோ விசில் ஊதுகிறேன்.