உப்பு வயலின் நிறை

ஒரு வயலின் விளைச்சலை நான் வேண்டுமென்றே மறைத்தேன். புதிய நெல்லை மூன்று ஊர்களில் விதைத்து, எங்கும் சீராக விளைகிறதா என்று நிறுத்துப் பார்ப்பது விவசாய அலுவலகமான கந்தோரில் என் வேலை. கிளிவெட்டியிலும் கிண்ணியாவிலும் நன்றாக விளைந்தது. சம்பூரின் உப்பு வயலில் பாதிகூடத் தேறவில்லை. பதவி உயர்வை நினைத்து அந்த வயலை விட்டுவிட்டு, எங்கும் ஒரே விளைச்சல் என்று எழுதினேன். விதை ஊர்களுக்குப் போனது.

அடுத்த போகத்தில் மூதூர் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இரண்டு கமக்காரர் இருந்தார்கள். மூத்த முஸ்லிம் கமக்காரரை அண்ணன் முறையில் காக்கா என்றழைத்து இளையவர் கேட்டார்.

"கந்தோர் நெல்லை விதைச்சனீங்களோ, காக்கா?"

"எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி விளையுமெண்டாங்க. மனிசனே அப்பிடி இல்லையே, தம்பி. முதல்ல ஒரு சுண்டளவு நெல்லை உப்பு மூலையில எறிஞ்சு பாத்தன். கருகிப் போச்சு. மிச்சத்தை மேட்டு வயலுக்குப் போட்டன்."

"உங்களைப் பாத்துத்தான் நாங்களும் கடக்கரைக்குப் பழைய நெல்லே போட்டனாங்கள். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

நடுக்கடலிலேயே எனக்குத் தரையில் கால் பட்டது போலிருந்தது. மறுநாள் உண்மை நிறையை எழுதி, மறைத்தவன் நானே என்று கையெழுத்திட்டேன். பதவி உயர்வு போனது. மறுபோகம் விதை மூட்டைகளில் "உப்பு வயலுக்கு ஆகாது" என்ற சீட்டு ஒட்டியிருந்தது. லோஞ்சில் அந்தக் காக்கா அதை இளையவருக்கு வாசித்துக்காட்டினார்.

"கந்தோருக்கு இப்பதான் விளங்கியிருக்கு, தம்பி."